புறமதிப்பீடு யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

(மேனாம்பேட்டில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி மேற்கே போனால் திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி தாண்டியதும் ‘இந்து கல்லூரி’ என்ற பெயரிலேயே ஒரு நிலையம் வரும். பட்டாபிராமில் உள்ள அந்தக் கல்லூரியில்தான் 2023 பிப்ரவரி 8 அன்று புதுமைப் பெண் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். முதல் கட்டம் அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2022 செப்டம்பர் 5 அன்று வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கியிருந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவி உயர்கல்வியில் சேர்ந்தால், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்கே வந்துவிடும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியாக இருந்த திட்டம், கல்வி உதவியாக மாறிய வரலாறும் இதற்குள் இருக்கிறது.

மேனாம்பேடு, கள்ளிக்குப்பம், புதூர், கொரட்டூர் பகுதிகளில் இந்தப் பணத்தைப் பெறும் பெண்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். பஸ் செலவு, தேர்வுக் கட்டணம், செல்போன் ரீசார்ஜ் என்று அது எங்கே போகிறது என்பதை அவர்களின் அம்மாக்கள் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். பணம் பயன்படுகிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் ஒரு திட்டத்தை மதிப்பிடுபவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த 1,000 ரூபாய் இல்லாவிட்டால் கல்லூரி வாசலையே மிதித்திருக்க மாட்டார் என்று சொல்லத்தக்க பெண்கள் எத்தனை பேர்? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இடையில் நிற்காமல் பட்டம் வாங்கினார்கள்?

பயனாளிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. திட்டம் வருவதற்கு முன்பே தமிழ்நாடு உயர்கல்விச் சேர்க்கையில் முன்னணியில் இருந்த மாநிலம். 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47. எப்படியும் கல்லூரிக்குப் போயிருக்கக்கூடிய பெண்களையும் திட்டம் கொண்டுவந்து சேர்த்த பெண்களையும் ஒரே பட்டியலில் எழுதிவிட்டால் திட்டத்தின் உண்மையான வலிமை யாருக்கும் தெரியாமலே போய்விடும். அது திட்டத்துக்கே செய்யும் அநீதி.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்குத் தொடக்கத்தில் இந்த உதவி கிடையாது. 2024 டிசம்பரில்தான் அவர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. அம்பத்தூரில் ஒரே தெருவில் வசிக்கும் இரண்டு பெண்களை எண்ணிப் பாருங்கள். ஒரே வருமானம், ஒரே மதிப்பெண். ஒருத்தி படித்தது அரசுப் பள்ளி, இன்னொருத்தி படித்தது உதவி பெறும் பள்ளி. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒருத்திக்குப் பணம் வந்தது, இன்னொருத்திக்கு வரவில்லை. இப்படிப்பட்ட இரு தொகுதி மாணவிகளில் கல்லூரிக்குப் போனவர்களின் விகிதம் 2022க்கு முன் எப்படி இருந்தது, பின் எப்படி மாறியது என்று ஒப்பிட்டால், பணத்தின் விளைவைப் பெருமளவு தனியே எடுத்துவிடலாம். பள்ளி மாணவர் விவரம் எமிஸ் தளத்தில் இருக்கிறது. கல்லூரி மாணவர் விவரம் யுமிஸ் தளத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தேவையானது அனுமதியும், அந்த வேலையைச் செய்ய ஒரு வெளி அமைப்பும்தான்.

வெளி அமைப்பு எதற்கு? பணம் வழங்கும் துறையே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். துறை அதிகாரிகளின் நேர்மை இங்கே பிரச்சினையே இல்லை. தன் உழைப்பைத் தானே அளக்கும் நிலையில் யாரை நிறுத்தினாலும், நல்ல செய்தி முதல் பக்கத்துக்கும் சங்கடமான செய்தி பின்னிணைப்புக்கும் போய்விடும். வேலிக்கு ஓணான் சாட்சி என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

பழைய பாதை

இந்தியாவில் இந்தச் சிந்தனை புதிதல்ல. சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய 1952ஆம் ஆண்டிலேயே, அதை நடத்துபவர்களிடமிருந்து தனியே நின்று மதிப்பிடுவதற்காகத் திட்டக் குழுவின் கீழ் ஒரு மதிப்பீட்டு அமைப்பு நிறுவப்பட்டது. இன்று நிதி ஆயோகின் கீழ் அந்தப் பணியைச் செய்யும் வளர்ச்சிக் கண்காணிப்பு மற்றும் மதிப்பீட்டு அலுவலகம் 2015இல் உருவானது. தமிழ்நாட்டு அரசிலும் திட்டங்களை மதிப்பிடுவதற்கென்று தனித் துறை உண்டு.

கல்வியில் இந்த வழக்கத்தோடு சேர்த்து நினைக்க வேண்டிய தமிழர் மால்கம் ஆதிசேஷையா. வேலூரில் பிறந்தவர், யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தவர், 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியவர், பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அவர் யுனெஸ்கோவில் இருந்த காலத்தில் தொடங்கிய உலக எழுத்தறிவுப் பரிசோதனைத் திட்டத்தின் விளைவுகளை அந்த அமைப்பே 1976இல் ‘விமர்சன மதிப்பீடு’ என்ற பெயரில் நூலாக வெளியிட்டது. எதிர்பார்த்தது நடக்காத இடங்களையும் அந்த நூல் மறைக்கவில்லை. ஒரு பெரிய அமைப்பு தன் சொந்தத் திட்டத்தின் குறைகளை அச்சில் ஏற்றிய அந்தத் துணிவை இன்றும் அரிதாகவே பார்க்க முடிகிறது.

திட்டங்களிலிருந்து கல்லூரிகளுக்கு வருவோம். 1978இல் சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் கீழிருந்த சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கப்பட்டது. இந்தியாவில் அதுவே முதல் முயற்சி. பாடத்திட்டம் வகுப்பதும், வினாத்தாள் அமைப்பதும், விடைத்தாள் திருத்துவதும் கல்லூரியின் கைக்கே வந்தன. அதுவரை பல்கலைக்கழகத் தேர்வே ஒரு வகைப் புறமதிப்பீடாக இருந்தது. மேனாம்பேட்டு மாணவரின் விடைத்தாளை அவரைப் பார்த்தே இராத ஓர் ஆசிரியர் எங்கோ உட்கார்ந்து திருத்துவார். அந்தக் காவல் விலகிய இடத்தில் வேறொரு காவல் தேவைப்பட்டது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை தர அங்கீகார அமைப்பைப் பரிந்துரைத்தது. 1994இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு, தேசிய மதிப்பீடு மற்றும் தர அங்கீகாரக் குழுவான நாக் வந்தது. அதே ஆண்டில் பொறியியல் உள்ளிட்ட தொழில்நுட்பப் படிப்புகளுக்காக, தேசியத் தர அங்கீகார வாரியமான என்பிஏ வந்தது. முன்னது கல்லூரி முழுவதையும் பார்க்கும். பின்னது ஒவ்வொரு படிப்பையும் தனித்தனியே பார்க்கும்.

குழு வரும் நாள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரக் கல்லூரிகளில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு ‘நாக் விசிட்’ என்ற சொல்லே போதும், முகம் மாறிவிடும். பாடத்திட்டம், கற்பித்தல், ஆராய்ச்சி, கட்டமைப்பு, மாணவர் ஆதரவு, நிர்வாகம், விழுமியங்கள் என ஏழு அளவுகோல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாசிரியர், ஒரு வண்ண ஃபைல். ஐந்து ஆண்டு நிகழ்ச்சிகளின் சுற்றறிக்கை, அழைப்பிதழ், புகைப்படம், வருகைப் பதிவு எல்லாம் அதில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்க வேண்டும். என்றோ நடந்த ஒரு பயிலரங்கின் வருகைத் தாள் கிடைக்கவில்லை என்றால் இரவு எட்டு மணிக்கும் உள்தர உறுதிப் பிரிவான ஐக்யூஏசி அறையில் விளக்கு எரியும். மாடிப்படிகளுக்குப் புதுச் சுண்ணாம்பு, வாசலில் பூந்தொட்டிகள், கழிப்பறைக்குப் புதிய குழாய்கள். குழு போன மறுவாரம் பூந்தொட்டிகள் வாடகைக்காரரிடம் திரும்பிப் போவதையும் மாணவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்த உழைப்பில் வீண் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்வது நியாயமாகாது. நாக் வந்த பிறகுதான் பல கல்லூரிகளில் மாணவர் கருத்துப் படிவம் என்ற ஒன்றே பிறந்தது. முன்னாள் மாணவர் பட்டியல், குறைதீர்க் குழு, மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம் எல்லாம் வந்தன. ஆவணம் என்ற ஒன்றே இல்லாமல் நடந்துகொண்டிருந்த கல்லூரிகள் ஆவணம் வைக்கக் கற்றுக்கொண்டன.

2017இல் முறை மாறியது. மதிப்பெண்ணில் ஏறத்தாழ 70 விழுக்காடு கல்லூரி இணையத்தில் பதிவேற்றும் எண்களிலிருந்து வந்தது. அவற்றைச் சரிபார்த்தது கல்லூரிக்கே வராத வேறொரு குழு. எஞ்சியது நேரில் வரும் சக கல்வியாளர் குழுவின் கையில் இருந்தது. நான்கு புள்ளி அளவில் 3.51 அல்லது அதற்கு மேல் எடுத்தால் ‘ஏ பிளஸ் பிளஸ்’, 1.50ஐத் தாண்டாவிட்டால் ‘டி’, அதாவது அங்கீகாரம் இல்லை. உயர்ந்த தரநிலை கிடைத்த கல்லூரியின் விளம்பரப் பலகை மறுநாளே பஸ் நிலையங்களில் ஏறிவிடுகிறது. தரநிலையோடு தன்னாட்சி, நிதி, புதிய படிப்புகளுக்கான வாய்ப்பு எல்லாம் இணைந்துகிடப்பதால் அந்த எழுத்துகளுக்குப் பெரும் விலை உண்டாகிவிட்டது.

அந்த விலை என்ன செய்யும் என்பது 2025 பிப்ரவரியில் வெளியே வந்தது. ஆந்திரத்தின் குண்டூர்ப் பகுதியில் ஓர் உயர்கல்வி நிறுவனத்துக்கு ‘ஏ பிளஸ் பிளஸ்’ கிடைக்க லஞ்சம் கைமாறியதாகக் குற்றம்சாட்டி, ஆய்வுக் குழுவின் தலைவர், உறுப்பினர்கள் உட்படப் பத்துப் பேரை சிபிஐ கைது செய்தது. அதற்கு முன்பே, 2023 மார்ச்சில், நாக் செயற்குழுத் தலைவராக இருந்த பூஷண் பட்வர்தன், தரநிலைகள் வழங்கப்படுவதில் முறைகேடு நடப்பதாகச் சுட்டிக்காட்டிப் பதவி விலகியிருந்தார். இஸ்ரோ முன்னாள் தலைவர் கே.ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு எழுத்துத் தரநிலைகளையே கைவிட்டு, ‘அங்கீகாரம் உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டே முடிவுகளை முதல் நிலையில் வைக்கலாம் என்று பரிந்துரைத்தது.

பட்டியலைப் படித்தவர்கள்

நம் வீட்டுக்கு அருகிலேயே இன்னொரு பாடம் நடந்தது. அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த பொறியியல் கல்லூரிகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆய்வுக் குழு போகிறது. ஆய்வகம் இருக்கிறதா, நூலகம் இருக்கிறதா, போதிய ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்று நேரில் பார்த்துத்தான் இணைவு நீட்டிக்கப்படுகிறது. 2024 ஜூலையில், ஊழலுக்கு எதிராக இயங்கும் அறப்போர் இயக்கம் ஒரு தகவலை வெளியிட்டது. 2023–24ஆம் கல்வியாண்டில் 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருக்கிறார்கள். இதில் 224 கல்லூரிகள் சம்பந்தப்பட்டிருக்கின்றன. பல்கலைக்கழகமும் விசாரித்து, முறைகேடு நடந்திருப்பதை ஒப்புக்கொண்டது.

இந்தச் செய்தியில் ஆழ்ந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. குழுக்கள் காரில் போய், கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி, ஆசிரியர்களை நேருக்கு நேர் பார்த்தும் சிக்காத விஷயம், பொதுவில் இருந்த ஆசிரியர் பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தவர்களிடம் சிக்கியது. ஒரு கல்லூரிக்குள் நிற்கும் குழுவுக்கு அந்தக் கல்லூரி மட்டும்தான் தெரியும். அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அடுத்த வாரம் வேறொரு கல்லூரியின் நாற்காலியில் உட்காருவார் என்பது எல்லாப் பட்டியல்களையும் ஒருசேர வைத்துப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். அந்தப் பட்டியல்கள் பொதுவில் இருந்ததால்தான் அந்த வேலையே நடந்தது. பூட்டிய அலமாரியில் இருந்திருந்தால் இன்றும் அவர்கள் அத்தனை பேரும் அத்தனை கல்லூரிகளிலும் பாடம் நடத்திக்கொண்டே இருந்திருப்பார்கள், காகிதத்தில்.

அறப்போர் இயக்கத்துக்குக் கல்லூரிகள் கட்டணம் கட்டவில்லை, விருந்தினர் அறை ஒதுக்கவில்லை. நாக் முறையிலோ மதிப்பீட்டுக் கட்டணத்தைக் கட்டுவது மதிப்பிடப்படும் கல்லூரி. குழுவில் வரும் பேராசிரியரின் சொந்தக் கல்லூரிக்கு வேறொரு குழு வரப்போகிறது. வெளியூரிலிருந்து ரயிலேறி வருவதால் மட்டும் ஒருவர் புறமதிப்பீட்டாளர் ஆகிவிடுவதில்லை. முடிவை அவர் யாரிடம் ஒப்படைக்கிறார், அந்த முடிவு கசப்பாக இருந்தால் அவருக்கு யாரால் தீங்கு வரும் என்பவைதான் அவருடைய இடத்தைத் தீர்மானிக்கின்றன.

எதை அளப்பது

நேர்மையான மதிப்பீட்டாளர் கிடைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் எதை அளப்பார்?

என்பிஏ இதற்கு ஒரு நல்ல பதிலோடுதான் புறப்பட்டது. 2014 ஜூனில், பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்க வகைசெய்யும் வாஷிங்டன் ஒப்பந்தத்தின் நிரந்தர உறுப்பினர் தகுதி இந்தியாவுக்குக் கிடைத்தபோது, கட்டடத்தை விட்டுவிட்டு மாணவர் அடையும் விளைவைப் பார்ப்பது என்ற கொள்கை உறுதியானது. கணக்கு அறிவு, சிக்கலைப் பகுத்தறிதல், வடிவமைப்பு, அறநெறி, குழுவாக வேலை செய்தல் எனப் பல ஆண்டுகள் 12 விளைவுகள் வைக்கப்பட்டிருந்தன. நடைமுறையில் அது ‘சிஓ-பிஓ மேப்பிங்’ என்ற எக்செல் அட்டவணையாகச் சுருங்கியது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தாறு நோக்கங்கள்; ஒவ்வொரு நோக்கமும் எந்த விளைவோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு 1, 2, 3 என்று எண்கள். உள்தேர்வு மதிப்பெண்ணை அதில் போட்டால் ‘அறநெறி அடைவு 2.3’ என்று ஒரு விடை வந்து நிற்கும். அந்த எண்ணை எழுதும் ஆசிரியருக்கே அதில் நம்பிக்கை இருப்பதில்லை. வினாத்தாளை எழுதியவரும், திருத்தியவரும், எண்ணை நிரப்பியவரும் ஒரே ஆசிரியர்.

வெளியிலிருந்து ஒரே தேர்வை வைத்து அளந்தால் என்ன தெரியும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிரசாந்த் லோயல்கா உள்ளிட்ட குழு இந்தியா, சீனா, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் கணினி அறிவியல், மின்னியல் படிக்கும் பல்லாயிரம் மாணவர்களுக்குத் தேர்வு வைத்தது. அதன் முடிவு 2021இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் வந்தது. இந்திய மாணவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் பாட அறிவில் முன்னேறுகிறார்கள். சீன மாணவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஆனால் தானே சிந்தித்து ஒரு வாதத்தைச் சீர்தூக்கிப் பார்க்கும் திறனில், நான்கு ஆண்டு படித்த பிறகும் இந்திய மாணவர்களிடம் வளர்ச்சி காணப்படவில்லை. அமெரிக்க மாணவர்களிடம் இருந்தது. எந்தத் தரநிலை எழுத்தும் இதை நமக்குச் சொன்னதில்லை.

முன்னேற்றத்தை அளக்க வேண்டுமானால் தொடக்க நிலை தெரிந்திருக்க வேண்டும். இதைத் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வி ஏற்கெனவே காட்டியிருக்கிறது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2019இல், கொரோனாவுக்கு முன்பே, தமிழ்நாட்டு ஊரகங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்து வைத்திருந்தார்கள். பள்ளிகள் மூடித் திறந்த பிறகு அதே ஊர்களுக்குத் திரும்பிப் போய் அளந்தார்கள். இழப்பு எவ்வளவு என்பதும், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மீண்டது என்பதும் தெரிந்தன. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தால் வந்தது என்றும் சொல்ல முடிந்தது. மாலை நேரத்தில் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று யாரும் தர முடியாது. அரசின் விளம்பரம் சொல்லியிருந்தால் எதிர்க்கட்சி மறுத்திருக்கும். வெளியார் அளந்து சொன்னதால் அது நிலைத்தது.

கல்லூரிகளில் இப்படியொரு தொடக்க அளவு எடுக்கப்படுவதில்லை. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம் பொறியியல், கலை அறிவியல் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தருகிறது. எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள் என்பது வெளிவருகிறது. பயிற்சிக்கு முன் அவர்களால் என்ன செய்ய முடிந்தது, பின் என்ன செய்ய முடிகிறது என்பதும் ஒரு பொதுத் தேர்வால் அளக்கப்பட வேண்டும்.

யாரிடம் ஒப்படைப்பது

பொறியியல் கல்லூரிகளின் தரத்தை உயர்த்த உலக வங்கிக் கடனுடன் நடந்த டெக்விப் திட்டத்தின் முதல் கட்டத்தில் 13 மாநிலங்களின் 127 கல்லூரிகள் இருந்தன. தமிழ்நாடும் அந்த மாநிலங்களில் ஒன்று. மூன்று கட்டங்களாக நடந்து 2021இல் முடிந்த அந்தத் திட்டத்தில் வெளிப் பேராசிரியர்கள் வழிகாட்டிகளாகவும் செயல்திறன் தணிக்கையாளர்களாகவும் கல்லூரிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். உலக வங்கியின் திட்டம் ஒன்று முடிந்ததும் நடத்தியவர்கள் எழுதும் நிறைவறிக்கையை, வங்கிக்குள்ளேயே தனித்து இயங்கும் ஒரு மதிப்பீட்டுக் குழு மறுஆய்வு செய்யும். 1973 முதல் இந்த மதிப்பீட்டுப் பிரிவு நிர்வாகத்துக்குக் கட்டுப்படாமல் இயக்குநர் குழுவிடம் நேரடியாக அறிக்கை தருகிறது. மதிப்பிட்டவரின் பதவி உயர்வு, மதிப்பிடப்பட்டவரின் கையில் இல்லை.

நம் அரசமைப்பிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்று 151ஆம் பிரிவு சொல்கிறது. எந்தத் துறையும் அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட முடியாது. உயர்கல்வித் திட்டங்களின் புறமதிப்பீட்டுக்கும் இதே வழியைத் திறந்துவிடலாம். திட்டம் அறிவிக்கப்படும் நாளிலேயே மதிப்பீட்டுக்கான பணம் தனியே ஒதுக்கப்பட வேண்டும். அந்தப் பணம் திட்டத்தை நடத்தும் துறையின் வழியே போகக் கூடாது. மதிப்பிடும் பல்கலைக்கழகமோ ஆராய்ச்சி நிறுவனமோ தன் அறிக்கையைச் சட்டமன்றத்துக்கு வரும் வகையில் ஒப்படைக்க வேண்டும். தரவும் பெயர்கள் நீக்கப்பட்டுப் பொதுவில் வர வேண்டும். 2022இல் பொறியியலில் சேர்ந்த முதல் புதுமைப் பெண் அணி 2026இல் நான்காண்டுப் படிப்பை முடிக்கிறது. அவர்களைத் தேடிப் போய்க் கேட்க இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை.

அம்பத்தூருக்கு இதில் தனி வாய்ப்பு இருக்கிறது. 1960களில் உருவான தொழிற்பேட்டையில் லேத் பட்டறை முதல் மென்பொருள் நிறுவனம் வரை எல்லாம் இருக்கின்றன. சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் ஆவடியின் முருகப்பா பாலிடெக்னிக் போன்ற பழைய நிறுவனங்களிலும் படித்தவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த டிப்ளமோ மாணவரிடம் மைக்ரோமீட்டரைக் கொடுத்தால் அளவு படிக்கத் தெரிகிறதா, வரைபடத்தைப் பார்த்து ஜாப் செட் பண்ண எத்தனை மாதம் ஆகிறது என்பதை ஃபோர்மேன்கள் துல்லியமாகச் சொல்வார்கள். எந்த ஆய்வுக் குழுவும் அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்பதில்லை. கல்லூரி அழைத்துவரும் ஓரிரு நிறுவனப் பிரதிநிதிகளோடு குளிர்சாதன அறையில் அரைமணி நேரம் பேசிவிட்டு, ‘தொழில்துறைத் தொடர்பு நன்று’ என்று எழுதிவிடுகிறார்கள். மதிப்பீட்டுக் குழு ஒரு நாளை வளாகத்திலும் ஒரு நாளைத் தொழிற்பேட்டையிலும் கழிக்க வேண்டும் என்ற விதியைச் சேர்க்கப் பெரிய செலவு ஆகாது.

பெற்றோர் இன்றே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. நாக் குழுவின் அறிக்கை எழுத்துத் தரநிலையோடு முடிந்துவிடுவதில்லை. அதன் கடைசிப் பகுதியில் அந்தக் கல்லூரியின் பலம், பலவீனம், வாய்ப்பு, சவால் ஆகியவையும், குழுவின் பரிந்துரைகளும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். நாக் இணையதளத்தில் கல்லூரியின் பெயரைப் போட்டுத் தேடலாம். பொறியியல் கலந்தாய்வு தொடங்கும் முன், தெரிவுப் பட்டியலில் வைத்திருக்கும் கல்லூரிகளின் அந்தப் பக்கங்களை மேனாம்பேட்டு நூலக வாசகர்களோ குடியிருப்போர் சங்கங்களோ அச்செடுத்து, தமிழில் சுருக்கி, ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ‘ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்கள்’, ‘ஆராய்ச்சி போதாது’ என்று ஐந்து ஆண்டு முன்பு எழுதப்பட்ட குறைகள் இப்போது தீர்ந்தனவா என்று கல்லூரி முதல்வரிடம் நேரில் கேட்கலாம். சேர்க்கைக்காகக் காத்திருக்கும் ஒரு தந்தை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் அந்தக் கேள்விக்கு எந்த முதல்வரும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.